ஆனி, ஆடி மழையில் தேன்பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

குளிர்நாடுகளில் தேனீ வளர்ப்பவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் எப்படியோ, கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருக்கிற நமக்கு ஆனியும் ஆடியும் அப்படி. மார்கழிப் பனி இங்கே தேனீயை ஒன்றும் செய்வதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடுவதற்குத் தயாராகிற அந்தச் சமயத்தில்தான் பெட்டிகள் பெருகும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இறங்கினால்தான் கஷ்டம் தொடங்குகிறது. தேனீ வெளியே போக முடியாது, போனாலும் பூ குறைவு, இருக்கிற பூவிலும் மழை மதுவைக் கழுவி விட்டிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் இப்படித்தான்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பெட்டிக்குக் கம்பளி சுற்ற வேண்டுமா என்று புதிதாகத் தொடங்கியவர்கள் கேட்கிறார்கள். அங்கே இருப்பது இத்தாலியத் தேனீ. குளிர் வந்தால் அது பெட்டிக்குள்ளேயே பந்து போலத் திரண்டு, சேர்த்து வைத்த தேனைத் தின்று வசந்தம் வரை காத்திருக்கும், தேன் தீர்ந்துபோனால் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கும். நம் பெட்டியில் இருக்கிற இந்தியத் தேனீ அப்படி இல்லை. பசித்தால் கிளம்பிப் போய்விடும். ஆகவே இங்கே மழைக்காலப் பராமரிப்பு என்றால், கூட்டம் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் தொடங்கிய முதல் வருடம் 14 பெட்டி இருந்தது. சித்திரையில் கடைசித் தேனை எடுத்துவிட்டு, இனி தை வரை வேலை இல்லை என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். ஆவணியில் திறந்து பார்த்தபோது 3 பெட்டியில்தான் தேனீ இருந்தது. மீதிப் பெட்டிகளில் கறுத்துப்போன தேனடையும், அதில் நூலாம்படை மாதிரி வலையும், வலைக்குள் நெளிகிற மெழுகுப்பூச்சியின் வெள்ளைப் புழுவும்தான். ஒரு தேனீயின் பிணம்கூட இல்லை. சாகவில்லை, நான் பார்க்காத நேரத்தில் பசித்துப் போயிருக்கிறது என்று புரிந்த அன்று எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இன்று வரை மறக்கவில்லை: "வீடு பெருசு, ஆள் குறைச்சல். பின்ன கள்ளன் கேறத்தான செய்வான் மக்களே."

கூட்டம் எவ்வளவோ அந்த அளவுக்கு வீட்டைச் சுருக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான பெட்டி தப்பிவிடும். எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடைசி எடுப்பில் ஆசைப்படாதீர்கள்

மழைக்காலத்துக்கான வேலை பங்குனி, சித்திரையிலேயே தொடங்குகிறது. ரப்பரில் தேன் வருவது பூவிலிருந்து இல்லை, தளிர் இலையின் காம்பு நுனியில் இருக்கிற சுரப்பிகளிலிருந்து. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நன்றாக வரும், இலை முற்ற முற்றச் சுரப்பு நின்றுவிடும். அது நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகு உபரித் தேன் சேர்கிற மேலறையிலிருந்து ஒட்ட எடுப்பதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. கடைசி முறை எடுக்கும்போது, ராணி முட்டை போடுகிற கீழறையைப் பாருங்கள். ஓரத்துச் சட்டங்களிலும் (தேனீ அடை கட்டுகிற மரச்சட்டம்), தேனீயின் புழு, அதாவது குஞ்சு, இருக்கிற அடையின் மேல் வளைவிலும் மூடி போட்ட தேன் கனமாக இருந்தால் மேலறைத் தேனை எடுக்கலாம். கீழே காய்ந்து கிடந்தால் மேலறையில் இரண்டு மூன்று சட்டத்தை விட்டுவிடுங்கள். கீழறைத் தேனை மட்டும் எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது. அது தேனீயின் சாப்பாடு, அதோடு தேன் எடுக்கிற இயந்திரத்தில் அந்த அடையைப் போட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கிற புழுவும் சேர்ந்து நாசமாகும்.

விட்டுவைத்த தேனைத் தேனீ தின்று முடித்ததும் மேலறையைக் கழற்றிவிட வேண்டும். வெறும் மேலறையை மழைக்காலம் முழுக்கப் பெட்டி மேல் விட்டு வைப்பது, ஆள் இல்லாத மாடியைத் திறந்து போடுகிற மாதிரி.

வீட்டைச் சுருக்குவது

புழு வளர்கிற இடத்தைத் தேனீ எப்போதும் 33 முதல் 35 டிகிரி சூட்டில் வைத்திருக்கும். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தாலும், பத்து நாள் வெயில் காணாவிட்டாலும் அந்தச் சூடு குறையக் கூடாது. உடம்பை அதிர வைத்துத்தான் அந்தச் சூட்டை உண்டாக்குகிறது, அதற்கு எரிகிற விறகு தேன். இடம் பெரிதாக இருந்தால் விறகும் அதிகம் வேண்டும். நாம் வைத்திருக்கிற நியூட்டன் வகைப் பெட்டியின் கீழறையில் 7 சட்டம். தையில் ஏழிலும் தேனீ நிரம்பி வழியும், ஆனியில் மூன்று அல்லது நான்கு சட்டத்தை மூடுகிற அளவுக்குத்தான் கூட்டம் இருக்கும். மீதி மூன்று சட்டத்துக்கும் சேர்த்துச் சூடு கொடுக்க வேண்டும், காவல் காக்க வேண்டும் என்றால் அது எங்கே முடியும்?

மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் அடிக்கிற ஒரு நாள், காலை பத்து மணிக்கு மேல் திறங்கள். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தேனீ மூடியிருக்கிற சட்டம் இருக்கட்டும். தேனீ ஏறாத, கறுத்த, காலியான அடையை வெட்டி எடுத்துவிடுங்கள். முட்டையும் புழுவும் உள்ள சட்டம் நடுவில், தேனும் மகரந்தமும் உள்ளது இரண்டு ஓரத்திலும் வருகிற மாதிரி நெருக்கி வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு தடுப்புப் பலகை. சட்டத்தின் அளவுக்கு வெட்டிய மெல்லிய பலகை போதும், பழைய பிளைவுட் துண்டுகூடப் போதும், ஆனால் அடியில் தேனீ நுழைந்து போகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலி இடத்தில்தான் தீனிச் சிரட்டை (கொட்டாங்குச்சி) வைக்கப்போகிறோம்.

வெட்டி எடுத்த அடையை நாளைக்குப் பார்க்கலாம் என்று தோட்டத்தில் போடாதீர்கள். அன்றைக்கே உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். மேலறையில் கட்டிய நல்ல வெள்ளை அடையை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ள ஆசை இருந்தால், உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் காற்றுப் புகாத பையில் கட்டி வைக்கலாம். அந்துருண்டை போட்டு வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த மணம் மெழுகில் ஏறி, பிறகு தேனிலும் வரும்.

சீனித் தண்ணீர்

ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதில் சீனியைப் போட்டுக் கரைத்து, நன்றாக ஆற விடுங்கள். சீனி போட்ட பிறகு அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்துக் கருகின பாகு தேனீயின் வயிற்றுக்குக் கெடுதல். கருப்பட்டி, வெல்லம் இரண்டும் கூடாது, அவற்றில் உள்ள கசடு தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நம்மூர்க் கருப்பட்டி மனிதனுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தேனீக்கு வெள்ளைச் சீனிதான். கடையில் வாங்கின தேனையும், வேறு ஒருவர் பெட்டியிலிருந்து வந்த தேனையும் கொடுக்கவே வேண்டாம், அங்கே இருக்கிற நோய் அப்படியே இங்கே வந்துவிடும்.

ஒரு கிலோ சீனிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நான்கு சட்டக் கூட்டத்துக்கு ஒரு முறைக்கு 200 மில்லி என்று கொடுத்தால் எட்டுப் பெட்டிக்கு வரும். வாரம் ஒரு முறை. விடாமல் மழை கொட்டுகிற வாரத்தில் நான் நாலு நாளைக்கு ஒரு முறை கொடுத்துவிடுவேன். நான்கு மாதத்துக்கும் கூட்டிப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலாகத்தான் சீனி செலவாகிறது. தையில் அந்தப் பெட்டி தருகிற தேனை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

கொடுப்பதற்குச் சிரட்டைதான் நல்லது. கண்ணில்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, கழுவி, தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் அடிப்பலகையில் ஆடாமல் உட்கார வையுங்கள். ஊற்றிய பிறகு மேலே தென்னை ஈர்க்கில் (ஈர்க்குச்சி) துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மிதக்க விடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் காலையில் சிரட்டையில் முப்பது நாற்பது தேனீ மூழ்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் ராணி முட்டை போடுவதே குறைவு, அந்த முப்பதும் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய இழப்பு. ஈர்க்கில் இருந்தால் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து, சின்ன நாக்கை நீட்டி, தொட்டியில் மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி தலையைக் குனிந்து குடிக்கும். டார்ச் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள், மனசு நிறைந்துவிடும்.

நேரம் முக்கியம். விளக்கு வைக்கிற நேரத்தில், தேனீ எல்லாம் உள்ளே வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் பக்கத்துப் பெட்டித் தேனீ மணம் பிடித்து வந்து கொள்ளையடிக்கும். வலுத்த பெட்டி மெலிந்த பெட்டியைச் சூறையாடிவிட்டால், தீனி கொடுத்து நாமே ஒரு கூட்டத்தைக் கொன்ற கணக்காகிவிடும். அதனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கொடுங்கள். கீழே சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தோட்டத்தில் பொதுவாக ஒரு தட்டில் வைத்துவிட்டால் எல்லாம் வந்து குடிக்குமே என்று சிலர் செய்கிறார்கள், அதில் குடிப்பது எறும்பும் குளவியும் வலுத்த கூட்டமும்தான். மெலிந்த கூட்டத்துக்குச் சொட்டும் கிடைக்காது. நுழைவாயிலையும் இரண்டு மூன்று தேனீ ஒரே நேரத்தில் போய்வருகிற அளவுக்குக் குறுக்கிவிடுங்கள், காவலுக்கு ஆள் குறைவாகப் போதும்.

காலையில் சிரட்டையில் மிச்சம் இருந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள், புளித்துப்போகும். இரண்டு முறை தொடர்ந்து மிச்சம் வைத்தால் கூட்டம் மெலிகிறது அல்லது ராணியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம், திறந்து பார்க்க வேண்டும்.

மகரந்தத்துக்கு நம் மாவட்டத்தில் பெரிய கவலை இல்லை, வருடம் முழுக்கத் தென்னை பூக்கிறது. மழை இடைவெளியில் தொட்டாற்சிணுங்கியிலும் தேனீ போய் மகரந்தம் எடுக்கும், அதனால் பெட்டி இருக்கிற தோட்டத்தில் அதை முழுக்கச் செதுக்கித் தள்ளாதீர்கள். வாழைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் வாழைப்பூவிலும் கொஞ்சம் மது கிடைக்கும். வேலியில் கொடி ரோஸ் ஏற்றிவிட்டால் அது மாதக்கணக்கில் பூக்கும், எனக்குத் தெரிந்து செலவே இல்லாத நல்ல ஏற்பாடு அதுதான்.

திறக்காமலே தெரிந்துகொள்வது

மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து சட்டங்களைத் தூக்கிப் பார்ப்பது தேனீக்குச் செய்கிற தொந்தரவு. திறந்தால் சூடு போய்விடும், மறுபடி அந்தச் சூட்டை ஏற்றத் தேன் செலவாகும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வெயில் இருக்கிற நேரத்தில், ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். மற்ற நாளில் வெளியே இருந்தே பார்க்கலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து, விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல கூட்டம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து 'உஸ்ஸ்' என்று சீறும், ஒரு நொடிதான், உடனே அடங்கிவிடும். இந்தியத் தேனீயின் குணம் அது. அந்தச் சீறல் சுருக்கமாக, கூர்மையாக இருந்தால் நிம்மதியாக அடுத்த பெட்டிக்குப் போகலாம். தட்டிய பிறகு அடங்காமல் முனகல் மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தால் ராணி இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். சத்தமே இல்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வாசல். மழை நின்று வெயில் வந்த பத்து நிமிடத்தில் தேனீ வெளியே வருகிறதா, திரும்பும்போது காலில் மகரந்த உருண்டையோடு வருகிறதா என்று பாருங்கள். மகரந்தம் உள்ளே போகிறது என்றால் உள்ளே புழு இருக்கிறது, புழு இருந்தால் ராணி இருக்கிறது. பக்கத்துப் பெட்டிகளில் மகரந்தம் போகும்போது ஒரு பெட்டியில் மட்டும் போகவில்லை என்றால் அதை அன்றைக்கே திறந்துவிடுங்கள்.

ஓடிப்போவதற்கு முன்னால் அது சொல்லிவிடும்

கூட்டம் திடீரென்று ஒரு நாளில் முடிவெடுத்து ஓடுவதில்லை. முதலில் ராணி முட்டை போடுவதை நிறுத்தும். புதிய புழு இருக்காது, மூடி போட்ட கூட்டுப்புழு மட்டும் இருக்கும். இருக்கிற தேனைத் தின்று தீர்க்கும். கடைசித் தேனீயும் பொரித்து வெளியே வந்த பிறகு, வெயில் அடிக்கிற ஒரு நல்ல நாள் பார்த்து மொத்தமாகக் கிளம்பிவிடும். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளியே வர மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது, அதனால் முட்டை நின்றதை நீங்கள் சீக்கிரம் கவனித்தால் உங்கள் கையில் ஒன்றிரண்டு வாரம் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை பார்க்கச் சொன்னதே இதற்காகத்தான்.

பெட்டியில் சின்னப் புழு இருக்கிற வரை தேனீ அதை விட்டுப் போவது ரொம்ப அபூர்வம். அதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். முட்டையும் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை வலுத்த பெட்டியிலிருந்து எடுத்து, தேனீயை உதறிவிட்டு, ஓடப்போகிற பெட்டியின் நடுவில் வையுங்கள். எடுக்கிற பெட்டியில் நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அன்று மாலையே சீனித் தண்ணீர், அடுத்த மூன்று நாளும் தினமும் கொஞ்சம். அப்புறம் வாசலில் ராணி நுழைய முடியாத தடுப்பைப் போடுங்கள். வேலைக்காரத் தேனீ போகும், ராணி போக முடியாது, ராணி இல்லாமல் கூட்டம் போய்ச் சேராது, திரும்பி வந்துவிடும். ஆனால் தடுப்பை மட்டும் நம்பாதீர்கள். பட்டினியோடு பூட்டி வைப்பது சிறை. தீனியும் புழுவும் கொடுத்தால் நாலைந்து நாளில் மனம் மாறி மறுபடி முட்டை போட ஆரம்பிக்கும், அப்போது தடுப்பை எடுத்துவிடலாம்.

மெலிந்ததைச் சேர்த்துவிடுங்கள்

இரண்டு சட்டத்துக்கும் கீழே போய்விட்ட கூட்டத்தைத் தனியாகக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எத்தனை பெட்டி என்ற எண்ணிக்கையில் எனக்கும் முன்பு ஒரு பிடிவாதம் இருந்தது. இரண்டு மெலிந்ததை ஒன்றாக்கினால் ஒன்று நன்றாக மழையைத் தாண்டும், ஐப்பசியில் அதையே திரும்ப இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தனித்தனியாக வைத்தால் இரண்டும் போகும்.

சேர்ப்பது இப்படி. தூரத்தில் உள்ள பெட்டியைத் தினமும் ஓரிரண்டு அடி நகர்த்தி இன்னொன்றின் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ராணியில் மெலிந்ததை, முட்டை சரியாகப் போடாததை எடுத்துவிடுங்கள். மறுநாள் மாலை, ராணி உள்ள பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டு, லேசாகச் சீனித் தண்ணீர் தடவி, அதன் மேல் ராணி இல்லாத பெட்டியின் கீழறையைத் தூக்கி வைத்துவிடுங்கள். இரண்டு கூட்டமும் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் மணம் ஒன்றாகிவிடும், சண்டை வராது. இரண்டு மூன்று நாளில் தாள் தூளாக வாசலில் கிடக்கும். அப்போது சட்டங்களை ஒரே அறைக்குள் நெருக்கிவிடலாம்.

ராணி இல்லாமல் ரொம்ப நாள் ஆன கூட்டத்தில் வேலைக்காரத் தேனீயே முட்டை போட ஆரம்பித்துவிடும், நம் தேனீயில் இது சீக்கிரமே நடக்கும். அடையின் ஒரே சிற்றறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் பக்கச் சுவரில் ஒட்டினபடி இருந்தால் அதுதான். அதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். அந்தக் கூட்டத்தைச் சீர்செய்ய நேரம் செலவழிக்காதீர்கள், பெட்டியைத் தூரமாகக் கொண்டுபோய்த் தேனீயை உதறிவிட்டு அடையை உருக்குவதே நல்லது.

மழை, எறும்பு, மெழுகுப்பூச்சி

வெயில் காலத்தில் நிழலில் இருந்த பெட்டிக்கு இப்போது காலை வெயில் வேண்டும். மேலே கவிந்த கிளைகளை வைகாசியிலேயே வெட்டிவிடுங்கள், காற்றில் கிளை ஒடிந்து பெட்டி மேல் விழுவதும் தவிரும். வாசல் கிழக்கே பார்த்திருந்தால் தென்மேற்குச் சாரல் உள்ளே அடிக்காது. பெட்டி வாசல் பக்கமாக ஒரு விரல் அளவு சரிந்திருக்கட்டும், உள்ளே இறங்குகிற தண்ணீர் தானே வடிந்துவிடும். கூரைக்கு நான் கமுகம்பாளையை விரித்து மேலே கல் வைக்கிறேன், இல்லையென்றால் தார்ப்பாய்த் துண்டு. எதைப் போட்டாலும் மேலே மட்டும், பக்கம் நாலையும் பாலிதீனால் பொதிந்துவிடாதீர்கள். உள்ளே மூச்சு நீர் வழிந்து அடை பூஞ்சை பிடிக்கும், ஈரம் குளிரைவிடக் கெட்டது.

எறும்புக்கு, தாங்குகாலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். மழைக்காலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் காற்றில் விழுகிற இலையும் சருகும் கிண்ணத்தில் பாலம் போட்டுவிடும், அதைத் தினமும் எடுக்க வேண்டும். வளர்ந்த புல் பெட்டியைத் தொட்டாலும் பாலம்தான். முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்துக்கடியில் பெட்டியே வைக்காதீர்கள், கிளை வழியாக இறங்கினால் ஒரே இரவில் கூட்டத்தைக் காலி செய்துவிடும். மழை விட்ட வெயிலில் கடந்தை (பெரிய குளவி) வாசலில் வந்து வட்டமிடும், அந்த நேரத்தில் ஒரு மட்டையோடு நின்று அடித்துத் தள்ளுவதுதான் வழி. பக்கத்தில் கூடு இருந்தால், பழக்கம் உள்ளவரை வைத்து இரவில் அகற்றுங்கள், நீங்களே இறங்காதீர்கள், அதன் கொட்டு உயிருக்கே ஆபத்து.

மெழுகுப்பூச்சிதான் கூட்டத்தை ஓட்டுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பிறகு வருகிற கள்ளன். வலுத்த கூட்டம் அந்தப் புழுவைத் தானே இழுத்து வெளியே போடும். நம் தேனீக்குப் பழைய அடையைக் கடித்து உதிர்க்கிற பழக்கம் உண்டு, அந்தத் தூள் அடிப்பலகையில் விழுந்து ஈரத்தில் கட்டியாகி, அதில்தான் பூச்சி முட்டையிடும். வாரம் தீனி கொடுக்கப் போகும்போதே அடிப்பலகையை ஒரு தகட்டால் வழித்துத் துடைத்துவிடுங்கள், வழித்த தூளைக் கீழே தட்டாமல் டப்பாவில் போட்டு எடுத்துப்போய் எரித்துவிடுங்கள். ஒரு பெட்டிக்கு அரை நிமிட வேலை. நான் பார்த்த வரையில் மெழுகுப்பூச்சிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

பைப்புழு நோய்

1991-92ல் தாய்லாந்து சாக்புரூட் என்கிற இந்த வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, நம் மாவட்டத்திலும் தோட்டம் தோட்டமாகப் பெட்டிகளைக் காலியாக்கியது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலம் தொட்டுத் தலைமுறையாகப் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள்கூட அப்போது தொழிலை விட்டன. இன்றும் அந்த நோய் முழுக்கப் போகவில்லை, அதனால் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேனீயின் புழு அடையின் சிற்றறைக்குள் நீளவாக்கில் விறைத்து, தலை மேலே தூக்கினபடி செத்திருக்கும். ஊசியால் மெல்ல எடுத்தால் தண்ணீர் நிரம்பின சின்னப் பை மாதிரி தொங்கும். அறை மூடிகள் ஓட்டை விழுந்தோ பிய்ந்தோ இருக்கும்.

இதற்கு மருந்து கிடையாது. விற்கிறவர் யார் சொன்னாலும் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றாதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது, தேனில்தான் தங்கும். ராணியைக் கூண்டில் அடைத்து இரண்டு மூன்று வாரம் முட்டை போடவிடாமல் செய்து, நோய்ப்பட்ட அடையை எடுத்து எரித்துவிட்டுத் தீனி கொடுத்தால் சில கூட்டம் மீளும். இந்த நாட்களில் ஓட்டம் பிடிக்கலாம் என்பதால் வாசல் தடுப்பும் வேண்டும். அந்தப் பெட்டியைத் தொட்ட கையை, தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள். நோய் வந்த தோட்டத்திலும் நோய் ஏறாமல் நிற்கிற கூட்டம் ஒன்றிரண்டு இருக்கும், அவைதான் தங்கம். ஐப்பசியில் பிரிக்கும்போது அவற்றிலிருந்துதான் ராணி எடுக்க வேண்டும்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மழையோடு மார்கழி, தைக் குளிரும் சேரும். வேலை இதேதான், சட்டத்தை இன்னும் நெருக்க வேண்டும், மூடிக்குக் கீழே ஒரு சாக்குத் துண்டை மடித்து வைத்தால் மேலே போகிற சூடு நிற்கும். பனி விலகிய பிறகுதான் திறக்க வேண்டும்.

புரட்டாசிக்குப் பிறகு

புரட்டாசி பாதியில் ஒரு நாள் வாசலில் மகரந்த உருண்டை கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். ராணி மறுபடி வேகமாக முட்டை போட ஆரம்பித்துவிட்டது. இப்போது தீனியை நிறுத்தாதீர்கள், இந்தச் சமயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வாய் கூடிவிட்டது, வரவு இன்னும் கூடவில்லை, ஐப்பசியில் வடகிழக்கு மழை ஒரு வாரம் பிடித்தால் வளர்த்த புழுவோடு கூட்டம் பட்டினி கிடக்கும். வாரம் ஒரு முறை 200 மில்லி தொடரட்டும். நான்கு சட்டமும் நிரம்பினால் தடுப்புப் பலகையை ஒரு சட்டம் தள்ளி, புதுச் சட்டம் ஒன்று கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம். ஆறு சட்டம் நிரம்பின பெட்டியைக் கார்த்திகைக்குள் பிரித்துக்கொள்ளலாம், அப்போதுதான் தைக்குள் இரண்டும் நிரம்பும்.

மேலறை வைப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் சீனித் தண்ணீரை அறவே நிறுத்திவிடுங்கள். கீழறையில் சீனி மிச்சம் இருந்தால் அது மேலே ஏறித் தேனோடு கலக்கும், அதைத் தேன் என்று சொல்லி ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது. சிரட்டைகளைக் கழுவிக் காயவைத்து, தடுப்புப் பலகைகளோடு சேர்த்துக் கட்டி அடுத்த வைகாசிக்கு எடுத்து வையுங்கள். ரப்பர் இலை சிவந்து உதிர ஆரம்பித்ததும் மேலறைகளை வெயிலில் வைத்துத் துடைத்து எடுத்துக்கொள்ளலாம்.